‘எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?’ – சம்பளப் பேச்சு: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில் சம்பளம் பேசுவது பற்றிய கடிதங்களுக்கு மட்டும் பதில் சொல்கிறோம். ஊரும் தொழிலும் தவிர மற்ற அடையாளங்களை நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: மென்பொருள் சோதனையில் நாலரை வருட அனுபவம். முதல் இரண்டு வருடம் மேனுவல் டெஸ்டிங். அப்புறம் சோதனையைத் தானியங்கியாகச் செய்யும் செலினியம் கருவியில் ஆட்டோமேஷன், ஏ.பி.ஐ. சோதனை என்று மாறிவிட்டேன். இப்போது ஆண்டுக்கு 5.4 லட்சம். எந்தக் கம்பெனி ஹெச்.ஆர். போன் செய்தாலும் முதல் கேள்வியே, “இப்போ எவ்வளவு? எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?” என்பதுதான். இருப்பதோடு 30 சதவீதம் கூட்டிச் சொல்வதுதான் வழக்கம் என்கிறார்கள் நண்பர்கள். சரியா?
– வாசகர், கோவை

பதில்: அந்த 30 சதவீதம் உங்கள் பழைய சம்பளத்தின் மேல் போடும் கணக்கு. அந்தப் பழைய சம்பளமோ நீங்கள் மேனுவல் டெஸ்டராகச் சேர்ந்த அன்று முடிவானது. அதன் மேல் வருடத்துக்குக் கொஞ்சம் ஏறி 5.4-க்கு வந்திருக்கிறது. இன்று நீங்கள் விற்கப்போவது ஆட்டோமேஷன் வேலையை. மேனுவல் டெஸ்டிங்கின் விலையை அடிப்படையாக வைத்து அதற்கு விலை சொன்னால் 7 லட்சத்தில் நிற்பீர்கள். அந்த இடத்துக்கு நிறுவனம் 8.5 லட்சம் ஒதுக்கியிருந்தால், மீதி ஒன்றரை லட்சத்தை நீங்களாகவே விட்டுக்கொடுத்ததாக ஆகும். அடுத்த கம்பெனியிலும் அந்த 7-இன் மேல்தான் கணக்குப் போடுவார்கள். ஒருமுறை குறைத்துப் பேசினால் அது வருடக்கணக்கில் கூடவே வரும்.

ஆகவே, முதலில் வேலையின் விலையைக் கண்டுபிடியுங்கள். ஆம்பிஷன்பாக்ஸ், கிளாஸ்டோர் போன்ற தளங்களில் பாருங்கள், ஆனால் அங்கே தெரியும் சராசரியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் பெங்களூரும் கோவையும் கலந்திருக்கும், மூன்று வருடத்துக்கு முந்தைய தொகையும் இருக்கும், சிலர் ஊக்கத்தொகையைச் சேர்த்தும் சிலர் சேர்க்காமலும் பதிந்திருப்பார்கள். அதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. இதே வேலையில் இருக்கும் ஐந்து பேரிடமும், ஆள் எடுத்துத் தரும் கன்சல்டன்சிக்காரர் இரண்டு பேரிடமும் பேசுங்கள். “உங்க சம்பளம் எவ்வளவு?” என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். “நாலரை வருஷ ஆட்டோமேஷன் ஆளுக்குக் கோவையில் எதிலிருந்து எதுவரை தர்றாங்க?” என்று கேளுங்கள். சொல்வார்கள். ஏழு பேர் சொன்னதில் மிக அதிகத்தையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் ஓர் எல்லை தெரியும்.

அந்த எல்லையை வைத்து மூன்று தொகைகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதற்குக் கீழே போனால் இருக்கிற வேலையிலேயே இருந்துவிடுவேன் என்பது ஒன்று. கிடைத்தால் நிம்மதியாகச் சேர்வேன் என்பது இன்னொன்று. வாய்விட்டுக் கேட்கப்போவது மூன்றாவது. மூன்றாவது, இரண்டாவதைவிடப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் கூடுதலாக இருக்கட்டும், பேரத்தில் இறங்கி வர இடம் வேண்டும். ஆனால் நீங்கள் கண்டுபிடித்த எல்லையின் மேல்முனையைத் தாண்டாதீர்கள்.

போனில் கேட்டவுடன் தொகையைச் சொல்லத் தேவையில்லை. “இந்தப் பொறுப்புக்கு என்ன பட்ஜெட் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால், இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம்” என்று கேட்டுப் பாருங்கள். சிலர் சொல்லிவிடுவார்கள். சொல்ல மறுத்து மீண்டும் உங்களையே கேட்டால், மறைக்காமல் சொல்லுங்கள்: “இப்போது 5.4. அது மேனுவல் டெஸ்டராகச் சேர்ந்தபோது முடிவான சம்பளம். இரண்டரை வருடமாகச் செய்வது ஆட்டோமேஷன். இந்த வேலைக்கு நான் எதிர்பார்ப்பது 8.5.” சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அந்த அமைதி தாங்காமல், “கொஞ்சம் முன்னப்பின்ன பார்த்துக்கலாம் சார்” என்று தாமாகவே இறங்கிவிடுகிறவர்கள் ஏராளம். தொகையையும் ஒன்றாகச் சொல்லுங்கள். ‘ஏழிலிருந்து எட்டரை’ என்றால் அவர் காதில் விழுவது ஏழு மட்டும்தான்.

வாங்குகிற சம்பளத்தைக் கூட்டிப் பொய் சொல்லவே கூடாது. சம்பளச் சீட்டு, படிவம் 16, வங்கிக் கணக்கு அறிக்கை கேட்பார்கள். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணை வைத்து எந்த நிறுவனத்தில் எதுவரை இருந்தீர்கள் என்றும் பார்ப்பார்கள். சேர்ந்த பிறகு பொய் தெரிந்தால் வேலையே போகும். அதேபோல, வீட்டு வாடகை ஏறிவிட்டது, லோன் கட்டுகிறேன் என்ற காரணங்களும் அங்கே எடுபடாது. அவர் கையில் இருப்பது அந்தப் பதவிக்கான சம்பள எல்லை. அதற்குள் உங்களை மேலே வைக்க, வேலை சார்ந்த காரணத்தைத்தான் அவரால் மேலிடத்துக்கு எழுத முடியும். ‘முன்பு நான்கு நாள் எடுத்த ரெக்ரெஷன் சோதனையை ஆறு மணி நேரத்துக்குக் கொண்டுவந்தேன்’ என்பது போல ஒரு வரி உங்களிடம் இருந்தால், அதை நேர்காணலில் சொல்லுங்கள், சம்பளம் பேசும்போது மறுபடியும் சொல்லுங்கள்.

கேள்வி: இப்போது சி.டி.சி. 7.2 லட்சம், கைக்கு 54,700 வருகிறது. புதிய நிறுவனம் 9 லட்சம் தருகிறது. 25 சதவீத உயர்வு, மாதம் 75,000 என்று வீட்டில் சொல்லிவிட்டேன். ஆஃபர் லெட்டரில் நிறைய வரிகள் இருக்கின்றன. சம்மதம் சொல்லும் முன் எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், சென்னை

பதில்: வீட்டில் சொன்ன தொகையைச் சற்று நிறுத்தி வையுங்கள். சி.டி.சி. என்பது உங்களுக்காக நிறுவனம் செலவழிக்கும் மொத்தம். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவது சம்பளம் அல்ல. நீங்கள் அனுப்பிய பட்டியலையே பிரித்துப் பார்ப்போம்.

மொத்தம் 9,00,000. அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, அதாவது 4,50,000. இந்த 9 லட்சத்துக்குள்ளேயே இருப்பவை: நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, அடிப்படையில் 12 சதவீதம், 54,000. பணிக்கொடை, அடிப்படையில் 4.81 சதவீதம், 21,645. குழு மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 12,000. வேரியபிள் பே என்ற செயல்திறன் ஊக்கத்தொகை 90,000. இவற்றின் கூட்டுத்தொகை 1,77,645. இதில் ஒரு ரூபாய்கூட மாதச் சம்பளத்தில் வராது. மீதி 7,22,355-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 60,196. அதிலும் உங்கள் பங்கு பி.எஃப். 4,500 பிடிப்பார்கள். தொழில் வரி அரையாண்டுக்கு 1,250, மாதக் கணக்கில் 208. புதிய வரி முறையில் நிலைக்கழிவு 75,000-ஐயும் சேர்த்து 12.75 லட்சம் வரை மாதச் சம்பளக்காரருக்கு வருமான வரி வராது, அதனால் அந்தப் பிடித்தம் இல்லை. கைக்கு வருவது 55,488.

இப்போது வாங்குவதைவிட 788 ரூபாய்தான் கூடுதல்.

பதறாமல் காரணத்தைப் பாருங்கள். இப்போதைய நிறுவனம், சட்டத்தின் 15,000 உச்சவரம்பில் பி.எஃப். கணக்கிட்டு, இரு தரப்பிலும் 1,800 மட்டும் செலுத்துகிறது. புதிய நிறுவனம் முழு அடிப்படைச் சம்பளத்தில் 4,500, 4,500 செலுத்தும். ஆக மாதம் 5,400 கூடுதலாக உங்கள் பி.எஃப். கணக்குக்குப் போகிறது. அது உங்கள் பணம்தான், வட்டியோடு சேரும். அதையும் சேர்த்தால் உண்மையான உயர்வு மாதம் 6,188, சுமார் பத்தரை சதவீதம். ‘25’ என்று தெரிந்ததில் பெரும்பகுதி, இன்னும் உறுதியில்லாத ஊக்கத்தொகையும், முன்பு சி.டி.சி.-யில் காட்டாத காப்பீடும்.

இனி எதைக் கேட்பது? முதலாவதும் முக்கியமானதும்: “9 லட்சம் என்பது நிலையான பகுதியாக இருக்கட்டும், வேரியபிள் அதற்கு மேல் இருக்கட்டும்.” நிலையான பகுதிக்காக எவ்வளவு மல்லுக்கட்டினாலும் தகும், அடுத்த வருட உயர்வு அதன் மேல்தான் வரும். முடியாது என்றால் வேரியபிளில் பாதியையாவது நிலையான பகுதிக்கு மாற்றச் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால், முதல் வருட வேரியபிளுக்கு உறுதி கேளுங்கள்.

வேரியபிள் பற்றி மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். கடந்த இரண்டு வருடம் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள்? மாதமா, காலாண்டா, ஆண்டுக்கு ஒருமுறையா? கொடுக்கும் தேதியில் ஊழியர் பட்டியலில் இருந்தால்தான் உண்டா? மூன்றாவது பதில் ‘ஆம்’ என்றால், வருடம் முழுக்க உழைத்துவிட்டுப் பணம் வரும் முந்தைய மாதம் விலகினால் ஒன்றும் கிடைக்காது.

பி.எஃப்.-ஐ 1,800-இல் நிறுத்த விருப்பம் உண்டா என்றும் கேளுங்கள். பல நிறுவனங்கள் சேரும்போது ஒரே ஒருமுறை இந்தத் தேர்வைத் தரும். அப்படி நிறுத்தினால் உங்கள் கணக்கில் கைக்கு 60,888 வரும். அவசரத் தேவை இல்லையென்றால் முழு பி.எஃப்.-ஐ விட்டுவிடாதீர்கள் என்பதே எங்கள் கருத்து. ஆனால் முடிவு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஜாய்னிங் போனஸ் தருவதாகச் சொன்னால், ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற வரி அநேகமாக இருக்கும். வரி பிடித்தது போக நீங்கள் வாங்கிய தொகையையா, பிடிப்பதற்கு முந்தைய முழுத் தொகையையா என்று பாருங்கள். முழுத் தொகை என்றால், கைக்கே வராத பணத்தையும் நீங்கள் கட்ட வேண்டிவரும்.

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல். வி.எம்.சி. (கணினியால் இயங்கும் மில்லிங் மெஷின்) ஆபரேட்டராக ஆறு வருடம். சம்பளம் 18,500. தினமும் 12 மணி நேர ஷிஃப்ட், ஓ.டி.-க்குச் சாதாரண ரேட்தான் போடுகிறார்கள். செட்டிங்கும் நானே போடுகிறேன். கூட்டிக் கேட்டால், “ஆபரேட்டருக்கு இதுக்கு மேல் கிடையாது” என்கிறார் சூப்பர்வைசர். என்ன செய்வது?
– வாசகர், ஓசூர்

பதில்: சூப்பர்வைசர் சொன்னதிலேயே உங்களுக்கான வழி இருக்கிறது. ஆபரேட்டருக்கு அதற்கு மேல் இல்லாமல் இருக்கலாம். நீங்கள் செய்வது செட்டர் வேலை. காம்போனென்டை ஏற்றி, பட்டனைத் தட்டி, இறக்கி வைப்பவர் ஆபரேட்டர். ஃபிக்சர் கட்டி, டூல் ஆஃப்செட் கொடுத்து, முதல் பீஸை ஓகே செய்பவர் செட்டர். புரோகிராமைத் திருத்தவும் எழுதவும் தெரிந்தவர் அதற்கும் மேலே. மூன்றுக்கும் மூன்று ரேட். பெயர் மாறாமல் தொகை மட்டும் கூட வேண்டும் என்றால் அவர் தரமாட்டார். பதவிப் பெயரை மாற்றச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

அதற்கு ஆதாரம் வேண்டும். ஒரு சிறிய நோட்டு போட்டு மூன்று மாதம் எழுதுங்கள்: தேதி, எந்த ஜாப், செட்டிங் போட எத்தனை நிமிடம், முதல் பீஸ் எத்தனையாவது முயற்சியில் ஓகே ஆனது, ரிஜெக்ஷன் எத்தனை. எந்த கன்ட்ரோல், ஃபேனுக்கா சீமென்ஸா. எந்த டாலரன்ஸ் வரை பிடித்தீர்கள், எதை வைத்து அளந்தீர்கள், மைக்ரோமீட்டரா போர் கேஜா. கம்பெனி டிராயிங்கைப் படம் எடுக்காதீர்கள், அது தனிச் சிக்கல். உங்கள் குறிப்பு மட்டும் போதும்.

அந்தக் குறிப்பைப் பணமாக்கிக் காட்ட வேண்டும். முன்பு 90 நிமிடம் எடுத்த செட்டிங்கை 50 நிமிடத்தில் முடிக்கிறீர்கள், நாளைக்கு இரண்டு செட்டிங், 26 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 2,080 நிமிடம், கிட்டத்தட்ட 35 மணி நேரம். உங்கள் கம்பெனி ஜாப் ஒர்க்குக்கு மெஷின் அவர் ரேட் 450 ரூபாய் போட்டால், மாதம் 15,600 ரூபாய் மதிப்புள்ள மெஷின் நேரத்தை நீங்கள் மீட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். அதில் மூன்றில் ஒரு பங்கைச் சம்பளமாகக் கேட்பது பேராசை இல்லை. இந்தக் கணக்கை சூப்பர்வைசரிடம் மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். சம்பளத்தை முடிவு செய்யும் புரொடக்ஷன் மேனேஜரிடம், ஆள் பற்றாக்குறை இருக்கும் மாதமாகப் பார்த்துக் கொண்டுபோங்கள்.

ஓ.டி. தனி விஷயம். தொழிற்சாலையில் மிகைநேரத்துக்குச் சட்டம் சொல்வது இரட்டிப்பு. 18,500-ஐ 26 நாளால், பிறகு 8 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 89 ரூபாய். இரட்டிப்பு 178. தினம் நான்கு மணி நேரம், 26 நாள் என்றால் மாதம் சுமார் 9,250 ரூபாயை நீங்கள் இழக்கிறீர்கள். இவ்வளவு மிகைநேரத்தை மாதா மாதம் வாங்குவதற்கே சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. தனியாகப் போய்க் கேட்டால் உங்களைத்தான் ஷிஃப்ட் மாற்றுவார்கள். ஒரே ஷிஃப்டில் இருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து கேளுங்கள், அல்லது தொழிற்சங்கம் வழியாகக் கேளுங்கள். வருகைப் பதிவும் சம்பளச் சீட்டும் கையில் இருக்கட்டும்.

இன்னொன்று. இ.எஸ்.ஐ.-க்குச் சம்பள உச்சவரம்பு 21,000. ஓ.டி. பணம் அந்த வரம்புக் கணக்கில் சேராது, ஆனால் பிடித்தம் அதன் மேலும் உண்டு. மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால், ஏப்ரல்–செப்டம்பர் அல்லது அக்டோபர்–மார்ச் என்ற அந்தப் பங்களிப்புக் காலம் முடியும்வரை இ.எஸ்.ஐ. தொடரும், அதற்குப் பிறகு நின்றுவிடும். வீட்டில் பெற்றோருக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் 21,500 என்பது உயர்வே இல்லை. வரம்பைத் தாண்டுவதானால் குழு மருத்துவக் காப்பீட்டோடு சேர்த்து 24,000-க்கு மேல் பேசுங்கள்.

கேள்வி: ஏற்றுமதி பனியன் நிறுவனத்தில் பையர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். ஒரே முதலாளியிடம் ஒன்பது வருடம். சம்பளம் 38,000. போன மாதம் சேர்ந்தவருக்கு 45,000 என்று தெரிந்ததும் தூக்கமே இல்லை. முதலாளி குடும்பத்தில் ஒருவர் போலப் பழகுவார். எப்படிக் கேட்பது? சீட்டில் 15,000 அடிப்படை என்று காட்டி, கொஞ்சம் வவுச்சரிலும் தருகிறார்கள்.
– வாசகர், திருப்பூர்

பதில்: புதியவரின் சம்பளத்தை முதலாளியிடம் எடுக்கவே வேண்டாம். எடுத்தால், யார் சொன்னது என்ற விசாரணையில் பேச்சு திசைமாறிவிடும். உங்கள் இடத்துக்கு வெளியே இன்று என்ன விலை என்று அதிலிருந்து உங்களுக்குத் தெரிந்துவிட்டதல்லவா, அது போதும்.

பழகிய முதலாளியிடம் கேட்பதில் உள்ள சிரமம் புரிகிறது. “இத்தனை வருஷம் கூடவே இருக்கேன்” என்று தொடங்கத் தோன்றும். அப்படித் தொடங்கினால் அவரும் பாசமாகவே பதில் சொல்வார், “நான் உன்னை விட்டுடுவேனா?” என்பார், அதோடு முடிந்துவிடும். ஒரே ஒரு தாளோடு போங்கள். அதில் நீங்கள் பார்க்கும் பையர்கள் யார், கடந்த 12 மாதத்தில் உங்கள் வழியாகப் போன ஆர்டர் மதிப்பு எவ்வளவு, எத்தனை ஷிப்மென்ட் தேதிக்குப் போனது, கிளெய்ம் அல்லது டிஸ்கவுன்ட் கேட்டதை எத்தனை முறை பேசிக் குறைத்தீர்கள் என்று இருக்கட்டும். முக்கியமாக, கப்பலில் போக வேண்டிய சரக்கு தாமதமாகி விமானத்தில் அனுப்பும் நிலை வந்து, நீங்கள் தடுத்த சம்பவங்கள். விமானச் சரக்குக் கட்டணத்தை யார் தலையில் கட்டுவார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு பில் உங்கள் ஒரு வருட உயர்வை விழுங்கிவிடும்.

நேரம் பார்த்துப் போங்கள். ஷிப்மென்ட் வாரத்தில் வேண்டாம். தீபாவளி போனஸ் கொடுக்கும் நேரத்திலும் வேண்டாம், ‘இப்போதுதானே கொடுத்தேன்’ என்றாகிவிடும். அடுத்த சீசன் ஆர்டர் உறுதியாகி, யார் எந்தப் பையரைப் பார்ப்பது என்று பிரிக்கும் நாட்கள் சரியானவை. “சார், ஒரு அரைமணி நேரம் வேணும், என் சம்பள விஷயம்” என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். மறுநாள்: “வெளியில இந்த வேலைக்கு இப்போ 45-லிருந்து 50 வரை போகுது. எனக்கு இங்கேயே இருக்கணும்னுதான் விருப்பம். 48-ன்னு போட்டுக் கொடுங்க சார்.” வேறு இடம் கையில் இல்லாமல் ‘போய்விடுவேன்’ என்று சொல்லாதீர்கள். ‘சரி, போ’ என்று அவர் சொன்னால் அடுத்த அடி உங்களிடம் இல்லை. ஒரேயடியாகத் தர முடியாது என்றால், இப்போது பாதி, ஆறு மாதத்தில் மீதி என்று மாதத்தைக் குறிப்பிட்டு முடிவு செய்யுங்கள். அன்று மாலையே நன்றி சொல்லி அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள். அதுவே உங்கள் கையில் எழுத்தாக இருக்கும்.

வவுச்சர் சம்பளத்தை இந்தப் பேச்சிலேயே சரிசெய்யுங்கள். வங்கிக் கடன், அடுத்த வேலையின் சம்பளம், பணிக்கொடை எல்லாம் சீட்டில் உள்ள தொகையில்தான் நிற்கின்றன. பணிக்கொடைக் கணக்கு: கடைசி மாத ஊதியம் × 15 ÷ 26 × வருடங்கள். 15,000 என்றால் ஒன்பது வருடத்துக்கு 77,885 ரூபாய். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்காகும். 38,000-இல் பாதி 19,000. அதன்படி பணிக்கொடை 98,654. முழுச் சம்பளமும் வங்கி வழியாக வந்தால்தான் இதைக் கேட்க உங்களிடம் சான்று இருக்கும்.

கேள்வி: பி.காம்., டேலி தெரியும். குழந்தைக்காக நான்கு வருடம் வேலைக்குப் போகவில்லை. முன்பு 19,000 வாங்கினேன். இப்போது ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில், “கேப் இருக்கு, டச் விட்டுப்போயிருக்கும், 12,000-த்துல ஆரம்பிங்க” என்கிறார்கள். பேச எனக்கு உரிமை இருக்கிறதா என்றே தயக்கமாக இருக்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: நிச்சயமாக இருக்கிறது, சகோதரி. நான்கு வருடத்துக்கு முன் வாங்கியதைவிடக் குறைத்துத் தருவதற்கு அவர் சொல்லும் ஒரே காரணம் ‘டச்’. அந்தக் காரணத்தை இல்லாமல் ஆக்கிவிட்டுப் பேசுவோம்.

நீங்கள் இல்லாத காலத்தில் மாறியவை எண்ணிவிடக் கூடியவைதான். 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். 2024 அக்டோபரில், வந்த பில்களை ஏற்கவும் நிராகரிக்கவும் ஜி.எஸ்.டி. தளத்தில் ஐ.எம்.எஸ். என்ற வசதி வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகள் போய், பெரும்பாலான பொருட்கள் 5, 18 என்று மாறின. தெரிந்த ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு மாதக் கணக்கை முழுதாக முடித்தால் கைவந்துவிடும்.

நேர்காணலில் இடைவெளியை ஒரு வரியில் முடியுங்கள்: “நான்கு வருடம் குழந்தையைப் பார்த்துக்கொண்டேன், இப்போது முழுநேரம் வர முடியும்.” மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். அடுத்த வாக்கியமே வேலைக்குப் போகட்டும்: “7-ஆம் தேதிக்குள் டி.டி.எஸ்., 11-க்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 14-ஆம் தேதி 2பி வந்ததும் கொள்முதலோடு ஒத்துப்பார்ப்பது, 15-க்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20-க்குள் 3பி. இவ்வளவையும் யாரும் நினைவூட்டாமல் முடிப்பேன்.” (ஜி.எஸ்.டி.ஆர்.-1 விற்பனை அறிக்கை, 2பி சப்ளையர்கள் பதிந்த பில்களின் பட்டியல், 3பி மாத வரி அறிக்கை.) இந்த வேலை பிசகினால் என்ன செலவாகும் என்று அவருக்கே தெரியும். 3பி தாமதமானால் நாளைக்கு 50 ரூபாய், வரி பாக்கிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. டி.டி.எஸ். அறிக்கை தாமதமானால் நாளைக்கு 200. சப்ளையர் பில் 2பி-யில் வராததைக் கவனிக்காமல் விட்டால், உள்ளீட்டு வரி வரவே போய்விடும். 12,000 சம்பளத்துக்கு ஆள் வைத்து, இதில் மாதம் பத்தாயிரம் இழக்கிற கடைகள் உண்டு.

22,000 கேளுங்கள். 19-க்குக் கீழே இறங்க வேண்டாம். அவர் தயங்கினால், “மூன்று மாதம் 19, மூன்று ஃபைலிங்கும் தேதிக்கு முடிந்தால் 22” என்று எழுதி வாங்குங்கள். ‘பார்த்துக்கலாம்’ என்ற சொல்லை ஏற்காதீர்கள். சிறு ஊர்க் கடையில் இந்தத் தொகை தேறாது என்று தெரிந்தால், நேரத்தைக் குறையுங்கள், விலையைக் குறைக்காதீர்கள். காலை 10 முதல் 2 வரை 12,000 என்பது கௌரவமான ஒப்பந்தம், மிச்ச நேரத்தில் இன்னொரு கடையின் கணக்கையும் எடுக்கலாம். ஒரே வேலைக்குப் பெண் என்பதற்காகக் குறைத்துக் கொடுப்பதைச் சட்டம் 1976-லேயே தடுத்துவிட்டது என்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: மகனுக்கு முதல் வேலை. இரண்டு வருடத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற பாண்ட், ஒரிஜினல் சான்றிதழ்கள், 2 லட்சத்துக்குத் தேதியில்லா காசோலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சான்றிதழையும் காசோலையையும் கொடுக்காதீர்கள். ஒரிஜினலைக் காட்டி, சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொண்டு, நகல் மட்டும் கொடுத்தால் போதும். கையெழுத்திட்ட தேதியில்லா காசோலை பணமில்லாமல் திரும்பினால் அது குற்ற வழக்காகவே ஆகலாம்.

பாண்ட் செல்லவே செல்லாது என்று பலர் சொல்வது சரியல்ல. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், பொதுத்துறை வங்கி ஒன்றின் மூன்று ஆண்டு, 2 லட்சம் ரூபாய் நிபந்தனையைச் செல்லும் என்று சொல்லியிருக்கிறது. ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான். நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும். ஆகவே, என்ன பயிற்சி, எத்தனை வாரம், நிறுவனத்துக்கு என்ன செலவு என்று எழுதச் சொல்லுங்கள். மாதா மாதம் தொகை குறையும்படியும் கேளுங்கள்: 24 மாத பாண்டில் 18 மாதம் வேலை செய்தவர் கால்பங்குதான் கட்ட வேண்டும். நிறுவனமே வேலையை விட்டு நிறுத்தினால் ஒன்றும் கட்ட வேண்டாம் என்ற வரியும் வேண்டும். சேர்வதற்கு உங்களிடம் பணம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

கேள்வி: ராஜினாமா கொடுத்ததும் மேனேஜர், வெளியே கிடைத்த அதே தொகையைத் தருகிறேன், இருந்துவிடு என்கிறார். நோட்டீஸ் 90 நாள். குழப்பமாக இருக்கிறது.
– வாசகர், சென்னை

பதில்: ஏன் கிளம்பினீர்கள்? சம்பளம் மட்டும்தான் காரணம், வேலையும் மேனேஜரும் பிடித்திருக்கிறது என்றால் இருப்பதில் தவறில்லை. ஆனால் திருத்திய சம்பளக் கடிதம், எந்தத் தேதியிலிருந்து என்ற குறிப்போடு, நிலையான பகுதி எவ்வளவு என்று பிரித்துக் காட்டி ஹெச்.ஆர்.-இடமிருந்து வர வேண்டும். அடுத்த வருட உயர்வை இப்போதே கொடுத்துவிட்டு, ஏப்ரலில் பூஜ்ஜியம் போடுவதும் நடக்கும். அதையும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வேலை பிடிக்கவில்லை, மேலே போக வழியில்லை என்பதற்காகக் கிளம்பியிருந்தால், தொகை மாறியதால் அவை மாறப்போவதில்லை, கிளம்புங்கள்.

90 நாளில் எத்தனை நாளைப் பணம் கட்டிக் குறைத்துக்கொள்ளலாம், ஒரு நாளுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பிடிப்பார்களா, மொத்தத்திலா என்று நியமனக் கடிதத்தைப் பாருங்கள். தொகை இரட்டிப்பாக வேறுபடும். அந்தப் பணத்தைப் புதிய நிறுவனம் தருமா என்று சேரும் தேதி பேசும்போதே கேட்டுவிடுங்கள். வேலையிலிருந்து விடுவிக்கும் கடிதம் (ரிலீவிங் லெட்டர்) கைக்கு வரும்வரை கடைசி நாள் வரையான வேலையை ஒழுங்காக ஒப்படைத்து, ஒப்படைத்ததை மின்னஞ்சலில் பதிந்துவையுங்கள்.

கேள்வி: போனில் ஆண்டுக்கு 6.5 லட்சம் என்றார்கள், ஆஃபர் லெட்டர் 6.1-க்கு வந்திருக்கிறது. கேட்டால் ஆஃபரையே ரத்து செய்துவிடுவார்களோ?
– வாசகி, திருச்சி

பதில்: மரியாதையாகக் கேட்டதற்காக ஆஃபரைப் பறிப்பது அரிது. நேர்காணல் நடத்தி, உங்களைத் தேர்ந்தெடுத்து, மேலிட ஒப்புதல் வாங்கிய பிறகு மறுபடி முதலிலிருந்து ஆள் தேட யாரும் விரும்புவதில்லை. அதனால் ஆஃபர் வந்து, நீங்கள் கையெழுத்திடாமல் இருக்கும் இந்த இரண்டு மூன்று நாள்தான் பேசுவதற்கு மிக நல்ல நேரம்.

முதலில் போன் செய்யுங்கள். உடனே அதையே நாலு வரி மின்னஞ்சலாக அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் சாரம் இதுதான்: ஆஃபருக்கு நன்றி, சேர ஆர்வமாக இருக்கிறேன், இன்ன தேதி நாம் பேசியது 6.5, கடிதத்தில் 6.1 என்று உள்ளது. பேசியபடி திருத்தி அனுப்பினால் அன்றே கையெழுத்திட்டு அனுப்புகிறேன். ‘தவறு’, ‘ஏமாற்று’ போன்ற சொற்கள் வேண்டாம், உண்மையிலேயே தட்டச்சில் நேர்ந்த பிழையாகவும் இருக்கலாம். 6.5 என்றது வேரியபிளையும் சேர்த்தா என்று அவர் கேட்டால், மேலே சென்னை வாசகருக்குப் போட்ட கணக்கை உங்கள் தொகைக்கும் போட்டுப் பார்த்துவிட்டு, நிலையான பகுதி எவ்வளவு வேண்டும் என்று சொல்லுங்கள். திருத்திய கடிதம் கைக்கு வரும்வரை இப்போதைய வேலையில் ராஜினாமா கொடுக்க வேண்டாம்.